ஒரே பட்டாவில் ஒரு நகரம்

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து தெற்கே சுமார் 65 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது இர்வைன். நம் ஊர் மென்பொருள் குடும்பங்களும் அங்கே உண்டு. பிள்ளைகளைப் பார்க்கப் போய்வரும் பெற்றோர்கள் அந்த ஊரைப் பற்றிப் பேசினால் இரண்டு விஷயங்கள் தவறாமல் வரும். தெருவெல்லாம் அவ்வளவு சுத்தம் என்பது ஒன்று. எல்லாத் தெருவும் ஒரே மாதிரி இருப்பதால் காலையில் நடக்கப் போனால் வீடு திரும்ப வழி குழம்பிவிடுகிறது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். அந்தக் காரணம், அங்கே ஊர் என்று ஒன்று இல்லாதபோதே தொடங்கிவிட்டது.

1970-ல் அங்கே சுமார் 10,000 பேர் இருந்தார்கள். 1980-ல் 62,134. 2000-ல் 1,43,072. 2020 கணக்கெடுப்பில் 3,07,670. இந்த வேகம் ஒன்றும் உலக அதிசயம் இல்லை. இதைவிட வேகமாக வீங்கிய ஊர்கள் ஆசியா முழுக்க இருக்கின்றன. வியப்பு வேறு இடத்தில் இருக்கிறது. பீன்ஸ் வயலும் ஆரஞ்சுத் தோப்புமாக இருந்த நிலத்தில், 1960-களில் காகிதத்தில் போட்ட கோடுகள் அறுபது ஆண்டுகளாகப் பெரும்பாலும் அப்படியே தரையில் இறங்கிக்கொண்டிருக்கின்றன. நகரத் திட்டங்களுக்கு இது நடப்பதே இல்லை. வரைபடம் போட்டு முடிப்பதற்குள் யாராவது தன் ஐந்து ஏக்கரை விற்றுவிடுவார், அங்கே ஒரு கடைவளாகம் முளைக்கும், அகலச்சாலை வரவேண்டிய இடத்தில் ஒரு வீடு நிற்கும்.

இர்வைன் பற்றி எழுதுபவர்கள் வழக்கமாக அதன் கட்டடக் கலைஞரைப் புகழ்வார்கள். புகழட்டும். ஆனால் திட்டம் பலித்ததற்கு வரைந்தவரின் திறமையைவிட, வரையப்பட்ட நிலம் முழுதும் ஒரே கையில் இருந்ததே பெரிய காரணம் என்பது என் எண்ணம். அந்த நிலம் ஏன் துண்டாகவில்லை என்று பார்த்தால் மிச்சக் கதை புரிந்துவிடும்.

ஸ்பெயின்காரர்கள் வருவதற்கு முன் அது பழங்குடிகளின் நிலம். மெக்சிகோ ஆட்சியில் அது மானியங்களாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. அவற்றில் ஒன்றான சான் ஹோவாக்கீன் பண்ணை, குதிரைப் பந்தயத்துக்குப் பேர் போன ஹோசே செபுல்வேதாவிடம் இருந்தது. 1848-ல் கலிஃபோர்னியா அமெரிக்கா கைக்குப் போனது. 1851-ல் ஒரு சட்டம் வந்தது: மெக்சிகோ காலத்து மானியம் வைத்திருப்பவர்கள் எல்லாரும் தங்கள் உரிமையை ஆணையத்திலும் நீதிமன்றத்திலும் நிரூபிக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் வழக்கு, வக்கீல் செலவு, அதற்காக வாங்கிய கடன், கடனுக்கு வட்டி. அதற்கு மேல் 1863-64-ல் கடும் வறட்சி வந்து மாடுகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. 1864-ல் செபுல்வேதா ஏறத்தாழ 49,000 ஏக்கரை 18,000 டாலருக்கு விற்றார். ஏக்கருக்கு அரை டாலர்கூட இல்லை.

வாங்கியவர்கள் ஃபிளின்ட், பிக்ஸ்பி என்ற ஆட்டுப்பண்ணைக் குடும்பங்களும், அவர்களோடு கூட்டுச் சேர்ந்த ஜேம்ஸ் இர்வைனும். அயர்லாந்திலிருந்து வந்து, தங்கவேட்டைக் காலத்தில் சான் ஃபிரான்சிஸ்கோவில் வியாபாரம் செய்து பணம் சேர்த்தவர் இர்வைன். அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி வரத்து நின்று, கம்பளிக்கு நல்ல விலை கிடைத்துக்கொண்டிருந்த நேரம் அது. அதே பருத்திப் பஞ்சம்தான் அந்த ஆண்டுகளில் திருநெல்வேலிப் பருத்திக்கும் விலை ஏற்றிவிட்டது. பக்கத்து மானியங்களையும் சேர்த்து வாங்கினார்கள். 1876-ல் கூட்டாளிகளின் பங்கை 1,50,000 டாலர் கொடுத்து இர்வைன் தனியாக எடுத்துக்கொண்டார். ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல். பசிபிக் கடற்கரையில் தொடங்கி, சமவெளி தாண்டி, மலைக்கு அந்தப் பக்கம் சான்டா அனா ஆறு வரைக்கும் ஒரே சொத்து. இன்றைய ஆரஞ்சு கவுன்டியில் (கவுன்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு.

அப்பா சம்பாதித்த நிலம் மகன் காலத்தில் பாகம் ஆவதுதான் உலக வழக்கம். அண்ணன் தம்பி பிரியும்போது நடுவில் ஒரு வரப்பு விழும், பேரன் காலத்தில் நாலு வரப்பு, அதற்கடுத்து விற்பனை. இந்தப் பண்ணைக்கும் அந்த ஆபத்து வந்தது. மூத்த இர்வைன் 1886-ல் இறந்தபோது மகனுக்குப் பதினெட்டு வயதுதான். அறங்காவலர்கள் பண்ணையை ஏலத்துக்குக் கொண்டுவந்தார்கள். கடைசி ஏலம் யாருடையது என்பதில் தகராறு வந்து விற்பனையே ரத்தாகிவிட்டது. பிறகு வயதுக்கு வந்த மகன், அவர் பெயரும் ஜேம்ஸ்தான், 1894-ல் ஒரு காரியம் செய்தார். பண்ணையைக் கம்பெனி ஆக்கினார். அன்றிலிருந்து வாரிசுகளுக்குப் பிரிந்துபோவது நிலத்தின் மேல் உள்ள பங்குப் பத்திரங்கள்தான்; நிலம் அப்படியே கிடக்கும். 1937-ல் இன்னொரு பூட்டும் போட்டார்: பாதிக்கு மேற்பட்ட பங்குகளை ஓர் அறக்கட்டளையிடம் கொடுத்துவிட்டார். பண்ணை ஒன்றாகவே இருக்கவேண்டும் என்பதுதான் அவர் நோக்கம். நகரம் கட்டும் எண்ணம் எதுவும் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. அவர் விவசாயி.

நல்ல விவசாயியும்கூட. ஆடு மேய்ந்த நிலத்தில் பார்லி, அப்புறம் லைமா பீன்ஸ். கடல் பக்கம் என்பதால் கோடையில் காலை நேரப் பனிமூட்டம் உள்ளே வரும்; அந்த ஈரம் போதும், லைமா பீன்ஸ் பாசனம் இல்லாமலே வளரும். பெரும்பாலும் குத்தகைக்காரர்களே பயிர் செய்தார்கள். கிணறுகளும் அணையும் வந்த பின் கிழக்குச் சமவெளியில் வலென்சியா ஆரஞ்சு. பாலைவனத்திலிருந்து வீசும் வறண்ட சான்டா அனா காற்று பழங்களை உதிர்த்துவிடும் என்பதால் தோப்புகளின் ஓரத்தில் வரிசை வரிசையாக யூகலிப்டஸ் நட்டார்கள். இன்று நார்த்வுட் பகுதி வீடுகளுக்கு நடுவே, ஆளுயர வேலிகளுக்கு மேல் அறுபது எழுபது அடிக்கு நேர்கோட்டில் நிற்கிற மரங்கள் அந்த வரிசைகள்தான். ரயில் பாதை ஓரத்தில் 1895-ல் பீன்ஸுக்கும் தானியத்துக்கும் ஒரு கிடங்கு கட்டினார்கள். அதைச் சுற்றி ஒரு கொல்லன் பட்டறை, ஒரு கடை, ஒரு தபால் நிலையம். அதுதான் பழைய இர்வைன். மொத்தமே ஒரு தெரு. பிற்காலத்தில் கொல்லன் பட்டறை உணவகமாகவும், கிடங்கு தங்கும் விடுதியாகவும் மாறின. பீன்ஸ் கொட்டி வைத்த குதிர்களுக்குள்ளேயே விடுதி அறைகள்!

சரி, இவ்வளவு நன்றாக ஓடிய பண்ணை ஏன் நகரமாக மாறியது?

முதல் அடி போரில் விழுந்தது. 1942-ல் அமெரிக்க ராணுவம் பீன்ஸ் வயல்களில் இரண்டு தளங்களுக்கு இடம் எடுத்தது: எல் டோரோவில் மரைன் விமானத்தளம், டஸ்டின் பக்கம் கடற்படையின் காற்றுக்கப்பல் தளம். அதே ஆண்டு, மேற்குக் கரையில் பயிர் செய்துவந்த ஜப்பானிய வம்சாவளியினரை அரசு முகாம்களுக்கு அனுப்பியது. போர் முடிந்ததும் வீரர்கள் திரும்பினார்கள், கல்யாணம் ஆனது, வீடு தேவைப்பட்டது. ஆரஞ்சு கவுன்டியின் மக்கள்தொகை 1950-ல் 2,16,224, 1960-ல் 7,03,925. பத்தே ஆண்டில் மூன்று மடங்கு. அனஹெய்மில் ஆரஞ்சுத் தோப்பை வெட்டி டிஸ்னிலேண்ட் 1955-ல் திறந்தார்கள். ஆரஞ்சு மரங்களை ஒரு வைரஸ் நோயும் தின்றுகொண்டிருந்தது.

இதையெல்லாம்விட விவசாயியைக் கொன்றது வரி. கலிஃபோர்னியாவில் அப்போது நிலவரி, அந்த நிலத்தில் என்ன விளைகிறது என்பதைப் பார்த்து விதிக்கப்படவில்லை. அதை விற்றால் என்ன கிடைக்கும் என்பதைப் பார்த்து விதிக்கப்பட்டது. பக்கத்து நிலத்தில் மனை போட்டு விற்றால் உங்கள் பீன்ஸ் வயலும் மனை விலைக்கு ஏறிவிடும். பீன்ஸ் விற்று மனை வரி கட்ட முடியுமா? சின்ன விவசாயிகள் ஒவ்வொருவராகத் தோப்பை விற்றுவிட்டுப் போனார்கள். விவசாய நிலத்தை விவசாய நிலமாகவே மதிப்பிடச் சலுகை தரும் சட்டம் 1965-ல்தான் வந்தது. அதற்குள் வடக்கு ஆரஞ்சு கவுன்டி முடிந்துபோயிருந்தது. பத்து ஏக்கர், இருபது ஏக்கராக வாங்கிய ஆட்கள் அவரவர் விருப்பத்துக்கு வீடு கட்ட, எங்கே அனஹெய்ம் முடிகிறது, எங்கே கார்டன் குரோவ் தொடங்குகிறது என்று இன்றும் அடையாளம் சொல்ல முடியாத ஊர்ப்பரப்பு உருவானது.

இர்வைன் கம்பெனிக்கும் அதே வரி, அதே நெருக்கடி. ஆனால் அவர்களுக்கு அவசரம் இல்லை. ஒரு மூலையை விற்று இன்னொரு மூலைக்கு வரி கட்டலாம். காத்திருக்க முடிந்தவர்களால்தான் திட்டம் போட முடிந்தது.

1959-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் புதிய வளாகத்துக்கு இடம் தேடியது. இடம் பார்க்க அமர்த்தப்பட்டவர் வில்லியம் பெரேரா என்ற கட்டடக் கலைஞர். அவர் கைகாட்டிய இடம் இந்தப் பண்ணை. 1,000 ஏக்கர் கொடுங்கள் என்று பல்கலைக்கழகம் கேட்டது. கம்பெனித் தலைமை முதலில் தயங்கியது. பங்குதாரரும் மூத்த இர்வைனின் கொள்ளுப்பேத்தியுமான ஜோன் இர்வைன் ஸ்மித் விடாமல் நெருக்கினார். கடைசியில் 1,000 ஏக்கர் 1 டாலருக்குக் கைமாறியது. ‘தானம்’ என்றுதான் ஊர் வரலாற்றில் எழுதுவார்கள். கோயில் கட்ட இடம் கொடுத்தால் சுற்றி நாலு மாட வீதியும் கடைத்தெருவும் தானாக வரும் என்பது தெரிந்தவர்கள் கொடுத்த தானம் அது. பல்கலைக்கழகத்தைச் சுற்றி மிச்சமிருந்த பல்லாயிரம் ஏக்கரும் அவர்களுடையதுதானே. பல்கலைக்கழகத்துக்கு இடம் தேடிக் கொடுத்த அதே பெரேரா, கம்பெனிக்கும் நகரத் திட்டம் போட்டுக் கொடுத்தார். வளாகத்தைச் சுற்றி 50,000 பேர் வாழும் ஊர். 1963 செப்டம்பரில் டைம் இதழ் அவரை அட்டையில் போட்டது. 1964 ஜூன் 20 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் ஹெலிகாப்டரில் வந்திறங்கி வளாகத்தைத் தொடங்கிவைத்தபோது சுற்றிலும் இருந்தது மேய்ச்சல் நிலம்தான். 1965 அக்டோபரில் வகுப்புகள் தொடங்கின.

பெரேரா பெரிய கோடுகளைப் போட்டார். அந்தக் கோடுகளுக்குள் மனிதர்கள் எப்படி வாழ்வார்கள் என்று யோசித்தவர் கம்பெனியின் உள் திட்ட அலுவலர் ரேமண்ட் வாட்சன். அவ்வளவு பேசப்படாதவர் அவர். 1960-ல் சேர்ந்து 1970-களில் கம்பெனியின் தலைவரானார்; பிற்பாடு டிஸ்னி நிறுவனத்துக்கே சிறிது காலம் தலைவராக இருந்தார். நகரத்தை ‘கிராமங்கள்’ ஆகப் பிரிப்பது இவர்கள் கையாண்ட உத்தி. யுனிவர்சிட்டி பார்க், டர்ட்டில் ராக் என்று 1960-களின் நடுவில் தொடங்கியது. ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு தொடக்கப்பள்ளி, ஒரு பூங்கா, நீச்சல் குளம், மூலையில் ஒரு கடைவளாகம். வேகச்சாலைகள் கிராமத்தின் விளிம்போடு போகும், உள்ளே நுழையாது. உள்ளே வளைந்து வளைந்து போகும் தெருக்கள், பல தெருக்கள் முட்டுச்சந்தாக முடியும். பிள்ளைகள் பெரிய சாலையைக் கடக்காமல் பள்ளிக்கு நடந்து போகலாம்.

1975-ல் திறந்த வுட்பிரிட்ஜ் இதன் உச்சம். நடுவில் தோண்டி உருவாக்கிய இரண்டு ஏரிகள், ஏரிமேல் மரப்பாலம், முழுக் கிராமத்தையும் சுற்றிவரும் யேல் லூப் என்ற வட்டச்சாலை. ஏரியிலிருந்து ஐந்து நிமிட நடையில் இரண்டு அறை அடுக்குக் குடியிருப்பும் இருக்கும், தனி வீடும் இருக்கும். வீடு வாங்க மக்கள் முண்டியடித்தார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இதில் எதுவும் தெரியாது. காரில் கல்வர் டிரைவ் வழியாகப் போனால் இரு பக்கமும் சுவர், சுவருக்கு மேல் மரம், மரத்துக்குப் பின்னால் ஓட்டுக்கூரை. அடுத்த மைலும் அதே. நம் பெற்றோர்கள் வழி தவறுவது இதனால்தான். ஊர் உள்பக்கம் பார்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.

உள்ளே வாழ்வதற்கு விலை உண்டு. குடியிருப்போர் சங்கம் என்றால் நமக்குத் தண்ணீர் லாரிக்கும் வாட்ச்மேன் சம்பளத்துக்கும் சண்டை போடும் இடம் நினைவுக்கு வரும். அங்கே அது பத்திரத்தோடு ஒட்டிய சட்டம். சுவருக்கு என்ன வண்ணம், வாசலில் என்ன செடி, வேலி எவ்வளவு உயரம் என்பதற்கெல்லாம் அனுமதி வாங்க வேண்டும். வீட்டை விற்றாலும் விதி வீட்டோடு போகும். ஆரம்ப ஆண்டுகளில் இன்னொரு சிக்கல். கம்பெனி வீட்டைத்தான் விற்றது, மனையைப் பல ஆண்டுக் குத்தகைக்குத்தான் கொடுத்தது. நில விலை ஏறியதும் குத்தகைத் தொகையை மாற்ற வந்தபோது வீட்டுக்காரர்கள் கொதித்தார்கள். 1970-களின் கடைசியில் சங்கம் கட்டிப் போராடினார்கள். சமரசமாகி, மனையை விலைக்கு வாங்கும் வழி வந்தது.

நகராட்சி உருவானதும் இந்த இழுபறியின் பகுதிதான். சுற்றியுள்ள நகரங்கள் கம்பெனி நிலத்தின் லாபமான ஓரங்களைத் தங்களோடு சேர்த்துக்கொள்ளப் பார்த்தன. குடியிருந்தவர்களுக்கோ தங்கள் ஊரைப் பற்றித் தாங்களே முடிவெடுக்க ஓர் அமைப்பு தேவைப்பட்டது. 1971 டிசம்பர் 28 அன்று இர்வைன் தனி நகரமானது. அதற்குள் கம்பெனி தன் கணக்கை 50,000 பேரிலிருந்து 4,30,000 பேருக்கு விரித்திருந்தது.

தண்ணீர் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சென்னைக்காரர்களுக்கு இது பிடிக்கும். ஆண்டுக்கு முந்நூறு நானூறு மில்லிமீட்டர் மழை மட்டுமே பெய்யும் இடம் அது. 1961-ல் இர்வைன் ராஞ்ச் நீர் மாவட்டம் உருவானது. அப்போதைய சட்டப்படி அந்த வகை மாவட்டங்களில் ஓட்டுரிமை தலைக்கு ஒன்று இல்லை, நில மதிப்புக்கேற்ப. அதாவது பெரிய நிலச்சொந்தக்காரர் வைத்ததே சட்டம். ஜனநாயகத்துக்கு நல்லதில்லைதான். ஆனால் வீடு வருவதற்கு முன்பே குழாய் பதிக்க முடிந்தது அதனால்தான். 1967 முதல் கழிவுநீரைச் சுத்திகரித்து வயல்களுக்கு விட்டார்கள். வயல்கள் வீடாக மாற மாற, அந்த நீர் பூங்காக்களுக்கும் சாலையோர மரங்களுக்கும் போனது. குடிநீர்க் குழாயோடு குழம்பிவிடக் கூடாது என்று இதற்குத் தனியாக ஊதா நிறக் குழாய். இன்று உலகின் பல ஊர்களில் மறுசுழற்சி நீருக்கு ஊதா நிறம் என்று ஆகிவிட்டது. 1991 முதல் உயரமான அலுவலகக் கட்டடங்களில் கழிப்பறைக்கும் இந்த நீரைக் கொடுக்கிறார்கள். கட்டி முடித்த ஊரில் தெருவெல்லாம் தோண்டி இரண்டாவது குழாய் போடுவது எவ்வளவு கஷ்டம் என்று எந்த மெட்ரோ வாட்டர் பொறியாளரைக் கேட்டாலும் சொல்வார். வெறும் வயலில் இரண்டு குழாயையும் ஒரே சமயத்தில் பதித்து மூடிவிடலாம்.

பள்ளிக்கும் சாலைக்கும் பணம் எங்கிருந்து? 1978-ல் கலிஃபோர்னியா வாக்காளர்கள் ‘முன்மொழிவு 13’ கொண்டுவந்து சொத்துவரியை மதிப்பில் ஏறத்தாழ 1 சதவீதத்தில் நிறுத்திவிட்டார்கள். புதிய ஊர்களுக்குக் கஜானா காலி. 1982-ல் மெல்லோ-ரூஸ் சட்டம் வந்தது: புதிய குடியிருப்பு வரும் இடத்தில் கடன்பத்திரம் வெளியிட்டுப் பள்ளி, சாலை, பூங்கா எல்லாம் முதலில் கட்டிவிடலாம், கடனை அங்கே வீடு வாங்குபவர்கள் சொத்துவரியோடு சேர்த்து ஆண்டாண்டாக அடைக்க வேண்டும். இர்வைனில் புது வீடு வாங்கியவர்களிடம் மெல்லோ-ரூஸ் என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். பழைய வுட்பிரிட்ஜ் வீட்டுக்காரருக்கு இது இல்லை. புதிய பகுதிக்காரர் ஆண்டுக்குப் பல ஆயிரம் டாலர் கட்டுகிறார். பிள்ளைகள் போகும் பள்ளி திறந்தவுடனேயே நன்றாக இருப்பதற்கு யார் காசு கொடுத்தார்கள் என்பதற்கு அந்த வரிச்சீட்டுதான் பதில்.

கம்பெனியே கைமாறியதுதான் கதையின் அடுத்த திருப்பம். 1969-ல் வாஷிங்டனில் வரிச்சீர்திருத்தச் சட்டம் வந்தது. அறக்கட்டளைகள் ஒரு வணிக நிறுவனத்தின் பெரும்பங்கை வைத்திருக்கக் கூடாது என்றது. நிலத்தைக் காப்பாற்ற 1937-ல் போட்ட பூட்டை இந்தச் சட்டம் உடைத்தது. அறக்கட்டளை விற்றே ஆகவேண்டும். மொபில் எண்ணெய் நிறுவனம் வாங்க வந்தது. ஏலத்தில் அதை முந்தி 1977-ல் ஒரு முதலீட்டாளர் குழு 33.74 கோடி டாலருக்கு வாங்கியது. அந்தக் குழுவில் ஒருவர் டொனால்ட் பிரென் என்ற வீடு கட்டும் தொழிலதிபர். 1983-ல் மற்றவர்களில் பெரும்பாலோரின் பங்கை வாங்கினார். 1996-ல் மொத்தமும் அவருடையது. ஆக, நூறு ஆண்டுக்கு முன்பு ஒரே ஆளிடம் இருந்த பண்ணை, சுற்றிச் சுற்றி மீண்டும் ஒரே ஆளிடம் வந்து நின்றது, இந்த முறை நகரமாக.

பிரென் காலத்தில் திட்டத்தின் தொனி மாறியது. வீட்டு மனைகளைக் கட்டுநர்களுக்கு விற்பார். ஆனால் அலுவலக வளாகங்கள், கடைவளாகங்கள், வாடகைக் குடியிருப்புகள் ஆகியவற்றில் பெரும்பகுதியைக் கம்பெனியே கட்டித் தன்னிடமே வைத்துக்கொண்டது. மாதா மாதம் வாடகை. எத்தனை மனை, எந்த ஆண்டு சந்தைக்கு வரவேண்டும் என்பதும் கம்பெனி கையில். விலை இறங்கும் காலத்தில் மனை வெளிவருவது குறையும். இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. ஆனால் வீட்டு விலை ஏன் இவ்வளவு என்று கேட்பவர்கள் நல்ல பள்ளிகளையும், குறைந்த குற்றத்தையும் மட்டும் காரணம் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. பத்து நிலச்சொந்தக்காரர்கள் இருந்தால் ஒருவராவது அவசரத்தில் விலை குறைப்பார். இங்கே அப்படி ஒருவர் இல்லை.

ஒன்றைக் கம்பெனிக்குச் சார்பாகச் சொல்லியாக வேண்டும். பழைய பண்ணையில் பாதிக்கும் மேற்பட்ட நிலம், 50,000 ஏக்கருக்கு மேல், கட்டடம் இல்லாமல் மலையும் பள்ளத்தாக்குமாகக் காக்கப்பட்டிருக்கிறது. 1988-ல் நகரத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தமும் அதற்கு வாக்காளர்கள் கொடுத்த ஒப்புதலும் இதில் முக்கியம்: குன்றுகளை விட்டுவிடு, சமவெளியில் நெருக்கமாகக் கட்டிக்கொள் என்ற பண்டமாற்று. ஒரே சொந்தக்காரரிடம் பேசினால் போதும் என்பதால்தான் இப்படி ஒரு பேரம் சாத்தியமானது. மலையும் அவருடையது, சமவெளியும் அவருடையது. ஒன்றை விட்டால் இன்னொன்றில் ஈடு கிடைக்கும்.

திட்டத்தில் இல்லாததும் நடந்தது. எல் டோரோ விமானத்தளம் 1999-ல் மூடப்பட்டபோது அங்கே பெரிய விமான நிலையம் வேண்டும் என்று கவுன்டி நின்றது. தலைக்கு மேல் விமானமா என்று இர்வைன் எதிர்த்தது. பல தேர்தல்கள் நடந்து, 2002-ல் பூங்காத் தரப்பு வென்றது. இன்று அது கிரேட் பார்க். சுற்றிப் பல்லாயிரம் வீடுகள். இன்னொன்று, மக்கள். 1960-களில் அந்த ஊரை வரைந்தவர்கள் மனத்தில் இருந்தது வெள்ளைக்கார விமானத் தொழில் பொறியாளர் குடும்பம். 2020-ல் ஊரில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் ஆசிய வம்சாவளியினர்: சீனர், கொரியர், இந்தியர், வியட்நாமியர், அவர்களோடு ஈரானியர்களும் நிறைய. கிராம மூலைக் கடைவளாகங்களில் சூப்பர் மார்க்கெட் பலகை மட்டும் மாறவில்லை, சாயங்காலம் யார் எங்கே உட்கார்ந்து என்ன சாப்பிடுகிறார்கள் என்பதே மாறிவிட்டது. வரைந்த ஊரில் வரையாத உயிர் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

வெளியே நிற்பவர்களும் உண்டு. இந்தக் கடைகளில் பாத்திரம் கழுவுபவரும், அந்தப் பூங்காக்களில் புல் வெட்டுபவரும் பெரும்பாலும் சான்டா அனா போன்ற பக்கத்து ஊர்களிலிருந்து வருகிறார்கள். வீட்டின் நடுத்தர விலை 15 லட்சம் டாலரைத் தாண்டிய ஊரில் வேறு எப்படி? பல்கலைக்கழகம் மட்டும் தன் ஆசிரியர்கள் இந்த விலையில் மாட்டக் கூடாது என்று, வளாக நிலத்தில் யுனிவர்சிட்டி ஹில்ஸ் என்ற குடியிருப்பைக் கட்டி, மனையைக் குத்தகைக்குக் கொடுத்து, மறுவிற்பனை விலைக்கும் வரம்பு வைத்திருக்கிறது. 

2021 முதல் 2029 வரையான காலத்துக்கு இர்வைன் 23,610 புதிய வீடுகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று மாநிலத் திட்டத்தின் கீழ் இலக்கு வந்திருக்கிறது. அதில் பாதிக்கு மேல் குறைந்த, நடுத்தர வருமானக்காரர்களுக்கானவை. எங்கே கட்டுவது? பீன்ஸ் வயல் கிட்டத்தட்ட தீர்ந்துவிட்டது. ஆர்ச்சர்ட் ஹில்ஸ் பக்கம் குன்றுச் சரிவில் அவகாடோத் தோப்புகள் இருக்கின்றன. கிராமங்களுக்குள் ஒரு வீடு இருக்கும் இடத்தில் நாலு வீடு கட்டலாம் என்றால், அங்கே இப்போது பல்லாயிரம் பட்டாக்கள், பல்லாயிரம் சொந்தக்காரர்கள், ஒவ்வொரு பத்திரத்திலும் சங்க விதிகள். கொல்லையில் சின்னதாக இரண்டாவது வீடு கட்டுவதைச் சங்கம் தடுக்கக் கூடாது என்று 2019-ல் மாநிலம் தனிச்சட்டமே போடவேண்டியிருந்தது. அதனால் புதிய அடுக்குமாடித் திட்டங்கள் எல்லாம் ஒரே மாதிரி இடங்களைத்தான் சுற்றுகின்றன: ஏற்கெனவே இருக்கும் ஜான் வெய்ன் விமான நிலையத்துக்குப் பக்கத்திலும் ஸ்பெக்ட்ரம் பகுதியிலும் உள்ள பழைய அலுவலக வளாகங்கள், கார் நிறுத்தும் வெளிகள், கடைவளாக நிலங்கள். அவற்றில் கணிசமானவை இன்னும் கம்பெனியின் பெயரில்தான் இருக்கின்றன.